நள்ளியின் நாற்பத்துமூன்று நிமிடங்கள்

கோளாறு என்றால் அது ஒழுங்கான கோளாறாக இருக்க வேண்டும். ஓடவே ஓடாத மின்விசிறியை யார் வேண்டுமானாலும் சரிபண்ணிவிடலாம். மெக்கானிக் ஏணியில் ஏறியதும் சமர்த்தாகச் சுழன்று, அவர் தெருமுனை தாண்டியதும் நின்றுவிடுகிற மின்விசிறியை என்ன செய்வது? கோமளவல்லி பதினான்கு வருடமாக இந்த இரண்டாவது ரகத்தோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். பதினான்கு வருடமும் அரசு அலுவலகம் விட்டு அரசு அலுவலகமாக, கணினிகளைச் சரிபார்க்கும் தற்காலிகப் பணியாளர்.

பாளையங்கோட்டையில் அவள் இப்போது வேலை பார்த்த அலுவலகத்தின் பெயர்ப்பலகை கட்டடத்தைவிட நீளம்: 'ஆருயிர் இயங்குதளத் தென்மண்டலப் பொதி வழங்கல் இயக்ககம்.' ஊர்க்காரர்கள் அதை 'டிபன் ஆபீஸ்' என்றார்கள். சிறுநீரகம் கைவிட்டவர்களுக்கு அரசு இலவசமாகக் கொடுத்த செயற்கைச் சிறுநீரகம், இடுப்பில் கட்டிக்கொள்ளும் ஓர் எவர்சில்வர் பெட்டி. பார்வைக்கு அசல் டிபன் பாக்ஸ். அதற்குள் ஓடிய இயங்குதளத்துக்குத்தான் ஆருயிர் என்று பெயர்.

பெட்டி தானாக எதையும் யோசிக்காது. ஒவ்வொரு நாளும் காலை ஆறு மணிக்கு அன்றைய செய்முறையைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். எவ்வளவு உப்பை வடிக்க வேண்டும், எவ்வளவு தண்ணீரை வெளியேற்ற வேண்டும் என்கிற கணக்கு அது. சென்னையில் அதைப் பொதியாகக் கட்டி, நேரம் போட்டுக் கையெழுத்திட்டு, பாளையங்கோட்டையில் இருந்த ஏழு இயந்திரங்களுக்கு அனுப்புவார்கள். கொடுப்பது அவற்றின் தொழில் என்பதால் கடையெழு வள்ளல்களின் பெயரைச் சூட்டியிருந்தார்கள். பாரி, காரி, ஓரி, ஆய், அதியமான், பேகன், பிறகு பரீட்சையில் பிள்ளைகள் மறந்துவிடுகிற அந்த ஏழாவது ஆள், நள்ளி. பொதியை வாங்கித் தரும் நிரலுக்குப் 'பொதிகை' என்று பெயர். அந்தப் பெயரைக் கண்டுபிடிக்க மூன்று கூட்டம் நடந்தது. அது ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க ஒரு கூட்டமும் நடக்கவில்லை.

ஆறரைக்குள் பொதி கிடைக்காவிட்டால் பெட்டி பாதுகாப்புக் கருதி நின்றுவிடும். அணிந்தவர் ஆஸ்பத்திரிக்கு ஓடிக் கையில் ஊசி குத்தி நாலு மணி நேரம் படுத்துக் கிடக்க வேண்டும். ஏன் நின்றது என்று பதிவுசெய்யும் படிவத்தில் இரண்டே காரணங்கள் இருந்தன. ஒன்று, 'மின்சாரம் இல்லை.' மற்றது, 'பயனர் ஒத்துழைக்கவில்லை.' இயக்ககமே தவறு செய்யலாம் என்கிற மூன்றாவது காரணம் படிவம் தயாரித்தவரின் கற்பனைக்கு எட்டவில்லை. மூன்று முறை ஒத்துழைக்காதவரிடமிருந்து பெட்டியைத் திரும்ப வாங்கி, காத்திருப்போர் பட்டியலில் அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள்.

சவரிமுத்து வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. ஐம்பத்திரண்டு வயது, டவுன் பஸ் டிரைவர். காக்கிச் சட்டையோடு நேராக வந்து ஒரு காகிதத்தை அவள் மேஜையில் போட்டார்.

"மேடம், இதை வாசிச்சுச் சொல்லுங்க. எனக்கு வாசிக்கத் தெரியும். ஆனா இது தமிழான்னு சந்தேகமா இருக்கு."

'தாங்கள் மும்முறை ஒத்துழையாமை புரிந்துள்ளமையால், தங்கள்பால் உள்ள உறுப்புக்கலன் ஏன் மீட்கப்படலாகாது என்பதற்கு எதிர்வரும் புதனன்று விளக்கமளிக்க…'

"புதன்கிழமை விசாரணை அண்ணாச்சி. ஒங்க டப்பாவை எடுத்துக்கப் போறாங்க."

"எடுத்துட்டா நான் எப்படி வண்டி ஓட்ட? வாரம் மூணு நாள் ஆஸ்பத்திரியில கெடந்தா டிப்போவுல என்னைய வீட்டுக்குப் போன்னுருவாம்லா?"

"மூணு தடவையும் என்ன நடந்துச்சு?"

"ஒண்ணும் நடக்கல. காலையில ஆறு மணிக்கு முழிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். டப்பா கேட்டுக்கிட்டே இருக்கு. ஆறரைக்கு ஊஊன்னு ஒரு சத்தம், அம்புட்டுதான். ஆஸ்பத்திரிக்குப் போனா டாக்டரு மொதக் கேள்வியே, 'கருவாடு தின்னீராவே?'"

"தின்னீங்களா?"

சவரிமுத்து சுவரில் மாட்டியிருந்த அமைச்சரின் படத்தைப் பார்த்தார். "முத நாள் ராத்திரி ஒரு துண்டு. பேத்தி கண்ணுல படாம."

"மூணு தடவையுமா?"

"ஒரு தடவ பிரியாணி. ஒரு தடவ காய்ச்சல், அப்பம் ஒண்ணும் தின்னல. சத்தியமா."

காய்ச்சல் என்ற சொல்லில் கோமளவல்லியின் பேனா நின்றது. தின்றவருக்கும் தின்னாதவருக்கும் ஒரே தண்டனை விழுந்தால் குற்றம் வாயில் இல்லை. அவள் அவருடைய சட்டைக்கடியில் இருந்த பெட்டியில் கம்பியைச் சொருகி, உள்ளிருந்த பதிவு முழுவதையும் இறக்கிக்கொண்டாள். கடைசி வரி கண்ணில் பட்டது: 'கையெழுத்து எதிர்காலத்தில் உள்ளது. காத்திருக்கவும்.'

"என்ன மேடம், ஜோசியமா சொல்லுது?"

"தெரியலை அண்ணாச்சி. திங்கக்கிழமைக்குள்ள தெரிஞ்சுக்கறேன்."

சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவள் அலுவலகத்திலேயே இருந்தாள். இரண்டு வருடத்தில் தென்மண்டலத்தில் பெட்டிகள் நின்றது நூற்றுத் தொண்ணூற்றேழு தடவை. மீட்கப்பட்ட பெட்டிகள் அறுபத்தொன்று. ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் அன்று பொதி எந்த இயந்திரத்திலிருந்து வரவேண்டியிருந்தது என்று கையால் எழுதிக்கொண்டே போனாள். நள்ளி. நள்ளி. நள்ளி. நூற்றுத் தொண்ணூற்றேழும் நள்ளி. மற்ற ஆறு வள்ளல்கள் மேல் ஒரு புகார்கூட இல்லை.

ஆனால் நள்ளியும் தினசரி ஆயிரக்கணக்கான பொதிகளை ஒழுங்காகத்தான் கொடுத்துக்கொண்டிருந்தது. முதல் நாள் மாலையே கட்டி வைத்த பொதிகளை அது தடுக்கவில்லை. ராத்திரியில் ஒருவர் ரத்தம் திடீரென்று மாறி, அதற்காக விடியலில் அவசரமாகக் கட்டிய பொதியை மட்டும் தடுத்தது. கருவாடு தின்றவருக்கும் காய்ச்சல் கண்டவருக்கும் வருவது அந்தப் பொதி. உடம்புக்கு எந்த நாளில் பெட்டி மிகவும் தேவையோ, சரியாக அந்த நாளில் மட்டும் அது நின்றது.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அவள் நள்ளியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். மணி என்ன?

ஒன்பது பதினேழு என்றது நள்ளி.

கோமளவல்லி தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள், சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள், பாரியையும் காரியையும் கேட்டாள். எல்லாரும் பத்து என்றார்கள். நள்ளி மட்டும் நாற்பத்துமூன்று நிமிடம் பின்னால் வாழ்ந்துகொண்டிருந்தது. சென்னையில் ஐந்து ஐம்பத்தைந்துக்குக் கையெழுத்திட்ட பொதி வந்து சேரும்போது நள்ளியின் மணி ஐந்து பன்னிரண்டு. 'இன்னும் போடாத கையெழுத்து, கள்ளக் கையெழுத்து' என்று அது ஒதுக்கி வைத்தது. அதன் கணக்கில் ஐந்து ஐம்பத்தைந்து ஆகும்போது ஊரில் ஆறு முப்பத்தெட்டு. பெட்டியோ ஆறரைக்கே நின்றுவிடும். எட்டு நிமிட வித்தியாசம். பத்து மணிக்கு அதிகாரிகள் வந்து பார்க்கும்போது பொதி பத்திரமாக நள்ளியில் இருக்கும். இயக்குநர் அறையின் பெரிய திரையில் 'வழங்கல்: நூறு விழுக்காடு' என்று பச்சை விளக்கு எரியும்.

அவள் நள்ளியின் மணியைச் சரியாக வைத்தாள். முடிந்தது என்று எழுந்து டீ குடித்துவிட்டு வந்தாள். மறுபடி நாற்பத்துமூன்று நிமிடம் பின்னால்.

மறுபடி வைத்தாள். பத்து நிமிடத்தில் மறுபடி பின்னால்.

நான்காவது தடவை விடாமல் துரத்திப்போனபோது, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மணியைப் பின்னால் தள்ளிவைக்கும் ஒரு சின்ன நிரல் அகப்பட்டது. அதன் தலையில் யாரோ எழுதியிருந்தார்கள்: 'இதைத் தொடாதே. மேலிட உத்தரவு.' அழிக்கப் பார்த்தாள். இயக்குநரின் சாவி வேண்டும் என்றது.

"நள்ளியையா நோண்டுதிய?" என்று பின்னாலிருந்து குரல் கேட்டது. இயந்திர அறைக் காவலர் இசக்கிப்பாண்டி. திறப்பு விழா நாள் முதல் அந்த அறையில் இருப்பவர்.

"இதோட மணியை யாரு மாத்தினது?"

"நாந்தான்."

"நீங்களா!"

"என் விரலு. உத்தரவு நம்ம இயக்குநர் ஐயாவோடது." இசக்கிப்பாண்டி ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். சொல்ல ஆள் கிடைக்காமல் இரண்டு வருடம் காத்திருந்தவர் போலிருந்தது. "திறப்பு விழா வெள்ளிக்கிழமை. ஒம்பதரைலருந்து பத்தரைக்குள்ள அமைச்சர் பித்தானை அமுக்கணும்னு ஏற்பாடு. அவரு காரு கயத்தாறு டோல்கேட்ல மாட்டி, வந்து இறங்கும்போது மணி பத்து நாப்பது. ராகு காலம் பொறந்து பத்து நிமிசம் ஆச்சு."

"அமைச்சர் அதெல்லாம் பார்ப்பாரா?"

"சேச்சே. மேடையில ஏறினதும், எனக்கு இதுலெல்லாம் நம்பிக்கை கிடையாதுன்னாரு. சொல்லிட்டு வாட்சைப் பாத்தாரு. பாத்துட்டு நம்ம ஐயாவைப் பாத்தாரு."

"ஐயா என்ன சொன்னாரு?"

"பன்னெண்டு வரைக்கும் காத்திருக்க முடியாது, அவருக்கு அடுத்து சங்கரன்கோவில்ல கூட்டம். ஐயா எங்காதுல வந்து, 'இயந்திரத்தின் மணியை மாற்றும்'னாரு. மேடைக்கு நள்ளியை மட்டுந்தான் தூக்கிட்டுப் போயிருந்தோம், மத்ததெல்லாம் கனம். ஒம்பது அம்பத்தேழுன்னு வச்சேன். அமைச்சர் அமுக்கினாரு. ஸ்கிரீன்ல ஒம்பது அம்பத்தேழுன்னு விழுந்துச்சு. எல்லாரும் கைதட்டினோம். கல்லுலயும் அதான் வெட்டியிருக்கு."

"விழா முடிஞ்சதும் சரியா வச்சிருக்கலாமே?"

"வச்சா பதிவுல நாப்பத்துமூணு நிமிசம் ஓட்டை விழும்லா? யாராச்சும் தணிக்கைக்கு வந்தா ராகு காலத்துல தொறந்த கதை வெளிய வந்துரும்னு ஐயாவுக்குப் பயம். அப்படியே இருக்கட்டும்னு, அது தானாத் திருந்திராம ஆளை வச்சு அந்தச் சின்ன நிரலையும் போட்டுட்டாரு. கடிகாரந்தான, அது பாட்டுக்கு ஓடுதுன்னு நானும் இருந்துட்டேன்." அவள் மேஜையில் கிடந்த பட்டியலைப் பார்த்தார். "இதென்ன, இவ்வளவு பேரு?"

"அந்தக் கடிகாரத்தால நின்ன டப்பா."

இசக்கிப்பாண்டி பட்டியலை முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை புரட்டினார். பிறகு எழுந்து, நாற்காலியை இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டு வெளியே போனார்.

இயக்குநர் முனைவர் வெற்றிவேந்தனைப் பற்றி இரண்டு தகவல்கள் போதும். அவர் முனைவர் பட்டம் வாங்கியது இறால் வளர்ப்பில். மனைவியிடம் காபி கேட்கும்போதும் அச்சடித்த தமிழில்தான் கேட்பார் என்று அலுவலகத்தில் ஒரு நம்பிக்கை இருந்தது.

"அமருங்கள் அம்மையீர். நள்ளியின் காலம் தவறு என்கிறீர்கள். காலம் என்பதே ஒப்பீட்டளவிலானது என்று அறிவியல் சொல்கிறதே?"

"ஆமா ஐயா. நம்ம நேரத்துக்கும் நள்ளி நேரத்துக்கும் ஒப்பிட்டா அறுபத்தோரு பேரு டப்பா போயிருக்கு."

"இதற்கு ஓர் எளிய தீர்வு உண்டு. இன்று முதல் சென்னைத் தலைமையகம் எல்லாப் பொதிகளிலும் நாற்பத்துமூன்று நிமிடம் முன்னதாக நேரம் இட்டுக் கையொப்பமிடும். நள்ளி ஏற்கும். பெட்டிகள் நிற்கா. யாரும் தவறு செய்ததாக ஆகாது. எப்படி?"

கோமளவல்லிக்கு ஒரு கணம் மரியாதையே வந்துவிட்டது. ஒரு கடிகாரத்தைத் திருத்தாமலிருக்க ஒரு மாநிலத்தையே பின்னால் தள்ளுகிற திறமை எல்லாருக்கும் வாய்க்காது.

"ஏற்கனவே டப்பா போனவங்க?"

"அவர்கள் ஒத்துழையாதோர். பட்டியலே ஆஸ்பத்திரிப் பலகைகளில் ஒட்டப்பட்டுள்ளதே."

"ஒத்துழைக்காதது நள்ளி ஐயா. என்கிட்ட நூத்துத் தொண்ணூத்தேழு பதிவு இருக்கு."

"அவை இயக்ககத்தின் பதிவுகள். இயக்ககத்துக்கு எதிராக அவற்றைப் பயன்படுத்த இயக்குநரின் அனுமதி வேண்டும். நான் அனுமதி தரவில்லை." அவர் விதிப்புத்தகத்தை மென்மையாகத் தட்டினார். "பெட்டிக்குள் இருக்கும் பதிவு மட்டுமே அணிந்தவரின் உடைமை. அவர் மனுவோடு தந்தால் குழு ஏற்றே ஆகவேண்டும்."

"சவரிமுத்து தருவாரு. புதன்கிழமை."

"தருவாரா?" இயக்குநர் அவள் கொண்டுவந்த காகிதங்களில் ஒன்றை எடுத்து அவள் பக்கம் திருப்பினார். "அந்தப் பெட்டியின் பதிவை முழுதும் படித்தீர்களா? கீழே வரை?"

அவள் படித்தாள். சவரிமுத்துவின் மூன்று நிறுத்தங்களுக்குக் கீழே, அவருக்குப் பெட்டி கிடைத்த தேதிக்கும் முன்னால், இன்னும் மூன்று நிறுத்தங்கள் இருந்தன. அணிந்தவர் பெயர்: மரகதம், கோவில்பட்டி.

"தவறாக மீட்கப்பட்ட பெட்டி முதலில் அணிந்தவருக்கே திரும்பும். அதுவும் விதி. மனுக் கொடுத்தால் உங்கள் ஓட்டுநர் வெல்வார், வென்ற அன்றே பெட்டியை இழப்பார். கொடுக்காவிட்டால் அவர்மீதுள்ள மூன்று குறிப்புகளையும் நானே நீக்கி, பெட்டியை ஆயுளுக்கும் உறுதிசெய்கிறேன். அவரிடம் கேளுங்கள் அம்மையீர்."

வண்ணார்பேட்டை பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் டீ கிளாசோடு நின்ற சவரிமுத்துவிடம் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை. மறைத்தால் அவருக்கு நல்லது என்று வரும் வழியெல்லாம் தோன்றிக்கொண்டே இருந்தது.

"புதுசுன்னுல்லா குடுத்தாவ? மாலை போட்டு போட்டோ எல்லாம் எடுத்தாவளே."

"கழுவித் தந்திருக்காங்க அண்ணாச்சி."

அவர் டீயை முடிக்காமல் கீழே ஊற்றினார். "அந்தப் பொம்பள உசுரோட இருக்காளா?"

"தெரியலை."

"மொதல்ல அதைப் பாப்போம். நாளைக்கு எனக்கு ஆஃப்."

மரகதம் உயிரோடு இருந்தாள். செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் கோவில்பட்டி ஆஸ்பத்திரியில் ஏழாம் கட்டில் அவளுடையது. முப்பத்தொன்பது வயது. பிளவுஸ் தைப்பவள். ரத்தம் குழாய் வழியே பெரிய இயந்திரத்துக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தபோதும், மற்ற கையால் ஒரு கொக்கியை எப்படித் தைப்பது என்று பக்கத்துக் கட்டில்காரிக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். வாசலில் பலகை இருந்தது. 'ஒத்துழையாதோர்' என்ற தலைப்பில் நான்காவது பெயர் அவளுடையது.

கோமளவல்லி விஷயத்தைச் சொல்லி முடித்தாள்.

"அப்பம் நான் மாம்பழம் தின்னதுனால இல்லியா?"

"இல்லை."

"நான் தின்னேனே! ரெண்டு துண்டு. மூணாந்தடவ நின்னது அதுக்கு மறுநாளு. எங்க வீட்டுக்காரரு இன்னமும் சந்தையில மாம்பழத்தைக் கண்டா என் மூஞ்சியப் பாப்பாரு. அரசாங்கம் ஓசியா குடுத்த உசுரை வாயால தொலைச்சவன்னு எங்க நாத்தனா தெருவெல்லாம் சொல்லுதா. நானே அப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருக்கேன்."

"மாம்பழம் தின்னா ரத்தம் மாறும். மாறினா சமாளிக்கத்தான் அந்த டப்பாவையே செஞ்சாங்க. டப்பா சரியா கேட்டிருக்கு, சென்னையிலயும் சரியா அனுப்பியிருக்காங்க. நடுவுல ஒரு மிஷின் தரலை. உங்க மேல ஒரு தப்பும் இல்லை."

மரகதம் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். குழாய் ஆடியது. நர்ஸ் "அசையாதீங்கம்மா" என்று அதட்டினாள்.

சவரிமுத்து தொண்டையைச் செருமினார். "தாயி, அந்த டப்பா… எங்கிட்டதான் இருக்கு."

அவள் திரும்பி அவரை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். "வலது மூலையில ஒரு நெளிசல் இருக்கா? தையல் மிஷினு இடிச்சது."

அவர் சட்டையைத் தூக்கிப் பார்த்தார். இருந்தது. கியர் கம்பி இடித்தது என்று பதினோரு மாதமாக அவர் நினைத்துக்கொண்டிருந்த நெளிசல்.

"நல்லா வேலை செய்யுதா?" என்றாள் மரகதம், கட்டிக்கொடுத்த பெண்ணை விசாரிப்பது போல.

"செய்யுதும்மா."

"வச்சுக்கிடுங்க. எனக்கு இந்தக் கட்டில் பழகிட்டு. வெளிய அந்தப் போர்டுல இருக்க என் பேரை மட்டும் அழிக்கச் சொல்லுதியளா? எம் மவ இந்த வழியாத்தான் பள்ளிக்கூடத்துக்குப் போறா."

திரும்பும் பஸ்ஸில் சவரிமுத்து ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, இன்னொரு டிரைவர் ஓட்டுவதைக் குறை சொல்லாமல் வந்தார். கோமளவல்லிக்கு அதுவே கவலையாக இருந்தது. கயத்தாறு தாண்டியதும் பேசினார்.

"மனுவ நீங்க எழுதிருங்க மேடம். கையெழுத்து நான் போடுதேன்."

"அண்ணாச்சி, அந்தம்மாவே வச்சுக்கச் சொல்லிட்டாங்க. நீங்க ஒத்துக்கிட்டா டப்பா ஒங்களுக்கு ஆயுசுக்கும்."

"ஏன், எனக்கு வேண்டாம்னா சொன்னேன்? எனக்கு வேணும். நான் என்ன மகானா?" என்று எரிந்து விழுந்தார். "அவ பேரு போர்டுலருந்து போவணும்னா தப்பு அவங்களுதுன்னு எழுதணும். எழுதினா டப்பா போவும். ஒண்ணை விட்டு ஒண்ணு வராதுன்னு அந்த இறால் டாக்டரு கட்டி வச்சிருக்காரு. நான் அந்த நெளிசலைத் தொட்டுக்கிட்டே எத்தனை வருசம் ஸ்டீரிங்கைப் பிடிக்க? கையி நடுங்கும்லா. பின்னால அம்பது பேரு உக்காந்திருப்பான்."

புதன்கிழமை விசாரணை இருபது நிமிடம் நடந்தது. மூன்று பேர் குழு. இயக்குநர், ஒரு மருத்துவர், ஒரு சட்ட அலுவலர். இயக்குநர் மிகக் கனிவாக, மனுவின் விளைவு தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றார் சவரிமுத்து. முழுவதும் தெரியுமா என்று கேட்டார். "ஐயா, நான் டிரைவர். திருப்பத்துல என்ன வரும்னு தெரிஞ்சுதான் திருப்புவேன்" என்றார்.

கோமளவல்லி பெட்டியின் பதிவைப் படித்தாள். ஆறு நிறுத்தங்கள், ஆறும் நள்ளி. ஏன் நள்ளி என்று மருத்துவர் கேட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள் கதவோரம் நின்ற இசக்கிப்பாண்டி, "நான் சொல்லுதேன்" என்று முன்னால் வந்து, கயத்தாறு டோல்கேட்டிலிருந்து தொடங்கினார். ஓய்வுபெற அவருக்கு ஏழு மாதம்தான் பாக்கி. அமைச்சர் வாட்சைப் பார்த்த இடம் வந்தபோது மருத்துவர் சிரித்துவிட்டார். அறுபத்தொன்று என்ற எண் வந்தபோது சிரிப்பை நிறுத்தினார். அதற்குப் பிறகு இயக்குநரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. 'இயந்திரக் கோளாறு' என்று மூன்றாவது காரணம் ஒன்று படிவத்தில் பேனாவால் எழுதப்பட்டது. அறுபத்தொரு பெயர்களையும் பலகைகளிலிருந்து நீக்க உத்தரவானது.

அவள் இயந்திர அறைக்குப் போய், இயக்குநரின் சாவியால் அந்தச் சின்ன நிரலை அழித்து, நள்ளியின் மணியைச் சரியாக வைத்தாள். பத்து நிமிடம் பார்த்துக்கொண்டே நின்றாள். பதினொன்றாவது நிமிடமும் நள்ளி ஊரோடு ஒத்துப்போனது. அவள் திரும்பி வந்தபோது சவரிமுத்து இடுப்பு வார்களை ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"ரொம்ப லேசா இருக்கு," என்றார். "வீட்டுக்கு எப்படிப் போவேன்னு தெரியல. பறந்துருவேனோ என்னமோ."

வெள்ளிக்கிழமை காலை கோமளவல்லியின் மேஜையில் ஒரு கட்டு உறைகள் இருந்தன. மேலே இயக்குநரின் குறிப்பு, வழக்கமான அழகிய கையெழுத்தில்:

'தவறாக மீட்கப்பட்ட அறுபத்தொரு பெட்டிகளுள் ஒன்று ஒப்படைக்கப்பட்டுவிட்டது. எஞ்சிய அறுபதும் தற்போது வேறு அறுபது பேரின் இடுப்பில் உள்ளன. அவற்றை ஒப்படைக்கக் கோரும் கடிதங்களை, இக்கோளாற்றைக் கண்டறிந்த பெருமைக்குரிய தாங்களே நேரில் சென்று வழங்குமாறு பணிக்கப்படுகிறீர்கள்.'

அவள் உறைகளை எண்ணவில்லை. எண்ணிக்கை தெரியும். அவற்றில் பெயர் இருந்த ஒருவரும் ஒரு தவறும் செய்திருக்கவில்லை. இந்தப் பக்கம் பெட்டியை இழந்த அறுபது, அந்தப் பக்கம் அதைக் கட்டியிருக்கிற அறுபது. எந்தப் பதிவைத் தோண்டினாலும் இதற்கு மூன்றாவது காரணம் கிடைக்கப்போவதில்லை. பிறகு ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, 'அறுபது புதிய பெட்டிகள் வழங்கும்வரை எவரிடமிருந்தும் பெட்டி மீட்கக் கூடாது' என்று மேலே எழுதி, அடியில் கோடு போட்டாள். கோட்டுக்குக் கீழே நூற்றிருபது கையெழுத்துக்கு இடம் விட்டாள்.

"முத வீடு எங்க?"

சவரிமுத்து வாசலில் நின்றார். முழங்கையில் பஞ்சு வைத்து ஒட்டியிருந்தது. நேராக ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து வந்திருக்கிறார்.

"ஒங்களுக்கு யாரு சொன்னா?"

"இசக்கிப்பாண்டி. நீங்க தனியாப் போனா கதவைத் தொறக்க மாட்டான். டிபன் ஆபீஸ்காரின்னா நாயை அவுத்து விடுவான். நான் வரேன்."

"திட்டுவாங்க அண்ணாச்சி."

"முப்பது வருசம் டவுன் பஸ் ஓட்டியிருக்கேன். எனக்குத் திட்டு புதுசா? நீங்க அந்தத் தாளை மடிச்சு எடுத்துக்கிடுங்க. உறையையும் எடுத்துக்கிடுங்க. எதை மொதல்ல நீட்டணும்னு கதவைத் தொறக்கற ஆளைப் பாத்துட்டுச் சொல்லுதேன்."

முதல் வீடு மேலப்பாளையத்தில், மாடிப்படிக்குக் கீழே ஒற்றை அறை. கதவைத் திறந்தவருக்கு நாற்பது வயதிருக்கும். கோமளவல்லியின் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்ததும் அவர் இரண்டு கைகளும் சட்டைக்கு மேலாக இடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டன. உறையை அவர் பார்க்கவே இல்லை. கதவை மூட ஒரு காலைப் பின்னால் வைத்தார்.

சவரிமுத்து கதவின் விளிம்பில் கையை வைத்தார். பஞ்சு ஒட்டிய கை.

"பாய், குடிக்கக் கொஞ்சம் தண்ணி தாரியளா? அரை டம்ளர் போதும். எனக்கு இனிமே தண்ணி அளவுதான்."

அந்த மனிதர் பஞ்சைப் பார்த்தார். கதவை மூடவில்லை.